வியட்நாமில் ஊர் ஊராகச் சுற்ற ஒரே கடையில் மொத்தப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்

1 கோடியே 20 லட்சம் டாங். நம் காசுக்கு 40,000 ரூபாய்க்கு மேல். மொத்தமாகப் போய்விட்டது. ஹனோய் வந்து பையை இறக்கி வைத்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். என்ன நடந்தது, நீங்கள் எப்படித் தப்பிப்பது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காவும் நானும் ஹோ சி மின் நகரத்தில் இறங்கி, நா டிராங், ஹோய் ஆன், ஹுவே, நின் பின் என்று மேலே ஏறி ஹனோய் போவதாகத் திட்டம். கடைசியில் ஹா லாங் விரிகுடாவில் ஓர் இரவு படகில். ரயில் பாதைக் கணக்கில் ஹனோய்க்கு 1,726 கிலோமீட்டர். அதனால் குறைந்த செலவில் போகிறவர்கள் நிறையப் பேர் ராத்திரி ஸ்லீப்பர் பஸ்ஸை நம்புகிறார்கள். எல்லா ஊர்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுத்து, வேண்டிய இடத்தில் இறங்கி, வேண்டிய நாளில் ஏறிக்கொள்ளலாம். ஓப்பன் பஸ் என்பார்கள். முறையான கம்பெனியில் எடுத்தால் நல்ல ஏற்பாடுதான்.

நாங்கள் எடுத்தது ஃபாம் ஙூ லாவ் தெருப் பக்கம், ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் இருந்த டிராவல்ஸ் கவுன்டரில். அந்தப் பெண் எங்களை உட்காரவைத்துக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு ஊரையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, எந்த ராத்திரி பஸ், எத்தனை மணிக்கு என்று ஓரத்தில் எழுதினாள். அக்காவுக்கு முட்டி வலி, மேல் படுக்கையில் ஏற முடியாது என்றேன். உடனே போனை எடுத்து யாரிடமோ பேசி, எல்லா பஸ்ஸிலும் கீழ்ப் படுக்கை உறுதி என்றாள். சைவம் என்றதும் படகுச் சாப்பாட்டுக்கும் தனியாகக் குறித்துக்கொண்டாள். இவ்வளவு கவனமாகக் கேட்கிறவள் ஏமாற்றுவாள் என்று யாருக்குத் தோன்றும்? கார்டு போட்டால் 3 சதவீதம் கூடுதல், ரொக்கம் என்றால் இல்லை என்றாள். அங்கே பல கடைகளில் இது வழக்கம்தான். 1 கோடியே 20 லட்சத்தையும் எண்ணிக் கொடுத்தோம். சீல் குத்திய மஞ்சள் கூப்பன்கள் ஒரு கட்டு கைக்கு வந்தது.

முதல் பஸ் ஒழுங்காக வந்தது. செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சொன்னபடி கீழ்ப் படுக்கையில் படுத்துக்கொண்டு நா டிராங் போய்ச் சேர்ந்தோம். அந்த ஒரு பஸ்தான் இவர்களின் தூண்டில்.

ஹோய் ஆன் பஸ்ஸுக்காக சாயங்காலம் போய் நின்றால், அலுவலகத்தில் இருந்தவர் போனில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கூப்பனைத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் பெயரே இல்லை. நா டிராங் வரைக்கும்தான் அந்தக் கடை பணம் கட்டியிருந்தது. எங்கள் கண்ணெதிரில் பஸ் கிளம்பியது. வலிக்கிற காலோடு அக்கா பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்குச் செய்தி அனுப்பினேன். "சாரி சிஸ்டர், கம்ப்யூட்டர் கோளாறு, பத்து நிமிஷம்." அப்புறம் "முதலாளி வெளியூரில் இருக்கிறார், நாளைக்கு." மறுநாள் "பஸ் கம்பெனியிடம் கேளுங்கள்." பஸ் கம்பெனியோ கடையைக் கேட்கச் சொன்னது. பணத்தைத் திருப்பித் தா என்றதும் பதில் நின்றது. செய்தியைப் படித்ததற்கு அடையாளம் விழுகிறது, பதில் மட்டும் இல்லை. போன் அடித்தால் கட் செய்கிறார்கள். இன்று ஹனோய் ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்த பையன் படகுக் கம்பெனிக்குப் பேசிப் பார்த்தான். அப்படி ஒரு பதிவே இல்லையாம். போலீஸுக்குப் போவதென்றால் கடை இருக்கிற ஊரில் போய்ச் சொல்வதுதான் நல்லது என்கிறான். நாங்கள் இருப்பது நாட்டின் மறுகோடியில்!

நா டிராங்கிலிருந்து டா நாங்குக்கு ரயில், அங்கிருந்து ஹோய் ஆனுக்கு வாடகை கார் (ஹோய் ஆனில் ரயில் நிலையம் கிடையாது), அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஊருக்கும் புதிதாக டிக்கெட். எல்லாமே இரண்டாவது முறை கொடுத்த காசு. ஹா லாங்கை விட்டுவிட்டோம். அக்கா ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே இடம் அதுதான்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவற்றை அவசரமாகச் சொல்கிறேன். மொத்த வழிக்கும் ஒரே இடத்தில் பணம் கட்டாதீர்கள். அடுத்த ஊருக்கு மட்டும் பஸ் கம்பெனியின் சொந்த அலுவலகத்திலோ ரயில் நிலையத்திலோ எடுங்கள். பெயர் பெற்ற டிராவல்ஸின் பெயரையே லேசாக மாற்றி போர்டு வைத்த கடைகளும் உண்டு, விலாசத்தைச் சரிபாருங்கள். 3 சதவீதம் போனால் போகட்டும், கார்டில் கட்டுங்கள், பேங்கில் முறையிடவாவது வழி இருக்கும். இ-விசாவுக்கும் இதே கதைதான், ஜிஓவி.விஎன் என்று முடியும் அரசுத் தளத்தில் ஒருமுறை நுழைய 25 டாலர்தான், அதற்கு மேல் கேட்பவன் இடைத்தரகன். 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் இரண்டுமே நீலம், ராத்திரி டாக்ஸியில் பார்த்துக் கொடுங்கள்.

இன்னும் இருக்கிறது, இப்போது எழுத முடியவில்லை. 1 கோடியே 20 லட்சத்தில் ஒரு டாங் திரும்பி வந்தாலும் இங்கேயே சொல்கிறேன். அதுவரை அந்தத் தெருப் பக்கம் யார் மஞ்சள் கூப்பன் நீட்டினாலும் ரொக்கம் கொடுக்காதீர்கள்.