எச்சரிக்கை: "விங்சூட் கடைசியில்தான் குதிக்கும்" என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி டேண்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

விங்சூட் (கைகால்களுக்கிடையே துணிச்சிறகு வைத்த உடை) அணிந்து பறப்பவர்களையும், பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிக்கும் டேண்டம் பயணிகளையும் ஒரே விமானத்தில் ஏற்றிய ஒரு ஸ்கைடைவிங் மையம், ஒப்புக்கொண்ட வரிசையைக் கதவருகே மாற்றிவிட்டது. இரு தரப்பிடமும் முழுக் கட்டணம் வாங்கியிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. "எல்லாரும் பத்திரமாகத்தானே இறங்கினீர்கள்" என்று சொல்லிப் புகாரையும் முடித்துவிட்டார்கள். மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. என்ன நடந்தது, அது ஏன் ஆபத்து, பணம் கட்டுமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக மட்டுமே இந்தப் பதிவு.

முன்பதிவில் பேசியது இது. விமானம் 13,500 அடிக்கு ஏறும். முதல் சுற்றில் வயிறு கீழாக விழும் நால்வர் குழுவும், பிறகு இரண்டு டேண்டங்களும் குதிக்கும். விமானம் வளைந்து திரும்பி வந்து அதே கோட்டில் மறுபடி ஓடும்போது மூன்று விங்சூட்காரர்கள் குதிப்பார்கள். இந்த இரண்டாவது சுற்றுக்கு எரிபொருள் செலவு என்று தனிக் கட்டணமும் வாங்கினார்கள். நடந்ததோ ஒரே சுற்று. விங்சூட்காரர்கள் கதவை ஒட்டி உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். உடையின் சிறகுகளோடு உள்ளே தள்ளி உட்காரச் சொல்வது சிரமம் என்பது காரணமாம். நால்வர் குழு போனதும் அவர்களை இறக்கிவிட்டு, 8 விநாடி கழித்து முதல் டேண்டத்தையும், மேலும் 10 விநாடி கழித்து இரண்டாவது டேண்டத்தையும் அனுப்பினார்கள். வரிசை மாறியது டேண்டம் பயிற்றுநர்களுக்குக் கதவு திறந்த பிறகுதான் தெரிந்தது. பயணிகளுக்குத் தரையிறங்கிய பிறகும் தெரியவில்லை.

இதில் என்ன பெரிய தவறு என்பது வேகத்தைப் பார்த்தால் புரியும். டேண்டம் ஜோடி ட்ரோக் எனப்படும் சிறு பாராசூட்டை இழுத்துக்கொண்டு மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 175 அடி, நேர்கீழாக இறங்குகிறது. விங்சூட் இறங்கும் வேகம் மணிக்கு 65 முதல் 100 கிலோமீட்டர்வரை. நடுத்தரமாக 80 என்று வைத்தால் விநாடிக்குச் சுமார் 73 அடி. மெதுவாக இறங்குகிறவர் முன்னால் போய், வேகமாக விழுகிறவர் பின்னால் வந்தால், பின்னவர் முன்னவரின் உயரத்தைக் கடந்தே ஆக வேண்டும்.

8 விநாடி இடைவெளியில் விங்சூட்காரர்கள் சுமார் 500 அடி இறங்கியிருப்பார்கள். முதல் டேண்டம் வெளியேறிய 12 விநாடியில் இருவரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் பயிற்றுநர் ட்ரோக்கை வீசி முடித்து, அது சரியாக விரிந்ததா, கைப்பிடிகள் இடத்தில் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாவது டேண்டத்துக்கு இது வெளியேறிய சுமார் 19 விநாடியில் நடக்கிறது.

ஒருவரை ஒருவர் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். பயிற்றுநருக்கு நேர் கீழே பயணியின் உடல் இருக்கிறது, கீழ்ப்பார்வையை அது மறைத்துவிடும். விங்சூட்காரருக்கு மேலேயும் பின்னாலும் தெரியாது. கைகள் சிறகோடு கட்டுண்டிருப்பதால் சட்டென்று உடலைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. டேண்டம் பக்கவாட்டில் வேகமாக விலகவும் இயலாது, ட்ரோக் அதைத் தன் கோட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். ஆக, மோதல் நடக்காமலிருந்தது கிடைமட்டத்தில் அவர்கள் வேறு வேறு இடத்தில் இருந்ததால் மட்டுமே. அந்த இடங்களை யாரும் முன்கூட்டி வகுக்கவில்லை. விங்சூட்காரர்களின் தலைக்கவசத்தில் இருந்த ஜிபிஎஸ் பதிவுக் கருவியின் கோடுகளை இறக்கிப் பார்த்தபோது, ஒருவர் இடப்பக்கமும் மற்ற இருவர் வலப்பக்கமும் திரும்பியது தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூடப் பேசப்படவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இந்த மையம் அதே சுற்றில் விங்சூட்டைக் கடைசியில் அனுப்பியிருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். "கடைசியில் போகும்" என்பது ஃப்ரீஃபாலில், அதாவது பாராசூட் விரியும் முன் விழும்போது, ஒருவர் மேல் ஒருவர் விழாமல் காக்கிறது, அவ்வளவே. பாராசூட் விரிந்த பிறகான கணக்கு வேறு. டேண்டம் 13,500 அடியில் குதித்துச் சுமார் 50 விநாடியில் 5,300 அடிக்கு வந்து பெரிய பாராசூட்டை விரித்துவிடும். அதன் பிறகு விநாடிக்கு 17 அடி என்ற அளவில் மெல்ல இறங்கும். 30 விநாடி கழித்துக் குதித்த விங்சூட்காரர் அப்போது 12,000 அடிக்கு மேலே எங்கோ இருப்பார். இடைவெளி தாராளமாகத் தெரியும். ஆனால் அவர் விநாடிக்கு 73 அடி இறங்கிக்கொண்டே வருகிறார். முதல் டேண்டம் குதித்து 160 விநாடி ஆகும்போது விங்சூட்காரர் 4,000 அடியில் பாராசூட்டை இழுத்து விரிப்பார். டேண்டம் அப்போது ஏறக்குறைய 3,400 அடியில் காற்றில் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். இன்னும் பத்து விநாடி தாமதித்து இழுத்தால் இருவரும் ஒரே உயரத்தில். குதிக்கும்போது அரை நிமிட இடைவெளி விட்டாலும், விங்சூட் இழுக்கும் உயரமும் டேண்டம் காத்திருக்கும் உயரமும் ஒன்றையொன்று தேடி வந்து சேர்கின்றன. உடை பெரிதாகவும் பறப்பவர் திறமையாகவும் இருந்தால் நேரம் தள்ளிப்போகும், சிறிய உடையென்றால் முந்தும். அதனால் நேரத்தை நம்பி இதைத் தீர்க்க முடியாது. இடத்தால்தான் தீர்க்க வேண்டும்.

இடத்தால் தீர்ப்பது என்றால், விங்சூட்டுக்குப் பாதை வரைவது. விமானம் ஆட்களை இறக்கிக்கொண்டே நேராக ஓடும் கோட்டை ஜம்ப் ரன் என்கிறோம். மற்ற எல்லாரும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழுகிறார்கள், அங்கேயே விரிக்கிறார்கள். விங்சூட்காரர்கள் வெளியேறியதும் அந்தக் கோட்டிலிருந்து 90 பாகை திரும்பி, எல்லாரும் ஒரே பக்கமாக, குறைந்தது அரை மைல் வெளியே போக வேண்டும். பிறகு கோட்டுக்கு இணையாகப் பறந்து, அந்தப் பக்கத்திலேயே இழுத்து, பாராசூட்டோடு தரையிறங்கும் இடத்துக்கு வர வேண்டும். கோட்டைத் திரும்பக் கடக்கவே கூடாது. சறுக்கு விகிதம் 2-க்கு 1 (ஓரடி இறங்குவதற்குள் இரண்டடி முன்னே போவது) என்றாலே 13,500-இலிருந்து 4,000 அடிக்கு வருவதற்குள் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கலாம், ஆகவே தூரம் பற்றாது என்ற சாக்கு எடுபடாது. மேலே காற்று பலமாக இருந்தால் விமானம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதைப் பொறுத்து இந்தப் பாதையும் அன்றன்று மாறும். காலையில் வரைந்த படத்தை மாலையில் அப்படியே காட்டுகிற மையத்தில் ஏறாதீர்கள்.

அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் அடிப்படைப் பாதுகாப்பு விதிகள், பாராசூட் விரிந்த நிலையில் உள்ள மாணவர்களிடமிருந்து, டேண்டம் பயணிகள் உட்பட, விங்சூட்காரர்கள் 500 அடிக்குள் வரக் கூடாது என்கின்றன. இதைப் பெரிய தூரம் என்று நினைத்து, "அருகே பறந்து படம் எடுத்துத் தருகிறோம்" என்ற தொகுப்பை விற்பவர்களும் உண்டு. எதிரெதிராக வரும்போது விங்சூட்டின் முன்னோக்கிய வேகமும் டேண்டம் பாராசூட்டின் வேகமும் சேர்ந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர். 500 அடி என்பது சுமார் 150 மீட்டர். மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் டேண்டம் பயிற்றுநர் ஒரு வளைவு எடுத்தால்கூட விங்சூட்காரரின் கணக்கு தப்பிவிடும். முதன்முறை குதிக்கிற ஒரு பயணி இதற்கு அறிந்து சம்மதம் தந்தார் என்று எந்தப் படிவத்தைக் காட்டியும் சொல்ல முடியாது. யாராவது இதை விற்றால், அந்த மையத்தில் மற்ற விஷயங்களும் இப்படித்தான் நடக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

குழுக்களுக்கிடையே விடும் இடைவெளியையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த லோடில் (விமானம் ஒரு தடவை ஏற்றிச் செல்லும் குழுவில்) 8, 10 என்று மாறிமாறி விட்டதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. இடைவெளி நேரத்தில் அல்ல, தரையின்மேல் தூரத்தில் அளக்கப்படுவது. இரண்டு குழுக்களுக்கு நடுவே குறைந்தது 1,000 அடி, பெரிய குழுக்களுக்கு 1,500 அடி என்று வைப்பது வழக்கம். விமானத்தின் தரைவேகம் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) என்றால் அது விநாடிக்கு 152 அடி ஓடுகிறது, 1,000 அடிக்கு 7 விநாடி போதும். 30 நாட் எதிர்காற்றில் தரைவேகம் 60 நாட்டாகக் குறைந்தால் விநாடிக்கு 101 அடிதான், அதே 1,000 அடிக்கு 10 விநாடி வேண்டும், 1,500 அடிக்கு 15. முன்னால் போனவர் 45 பாகைக் கோணத்தில் தெரிந்ததும் குதிக்கலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கோணம் தரைத்தூரத்தையோ காற்றின் தள்ளலையோ காட்டாது. விமானியிடம் தரைவேகத்தைக் கேட்டு விநாடியைக் கணக்கிடுவதே வழி.

விமானியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விங்சூட்காரர்கள் கடைசியில் போவதால் விமானமும் அவர்களும் ஒரே வானத்தில் இறங்கத் தொடங்குகிறார்கள், விமானம் அவர்களைவிட வேகமாக இறங்கக்கூடியது. 2018 ஜூலையில் தெற்குப் பிரான்சின் பூலாக்-ஆன்-கெர்சி பகுதியில் வெளியேறிச் சில விநாடிகளே ஆன விங்சூட்காரர் ஒருவரை, அவரை இறக்கிவிட்ட அதே விமானத்தின் இறக்கை தாக்கி அவர் உயிரிழந்தார். பாதையைப் பற்றி விமானிக்கும் விங்சூட்காரர்களுக்கும் இடையே முன்பேச்சு நடக்கவில்லை என்பது வழக்கில் வெளிவந்தது. 2024-இல் விமானிக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விங்சூட் இடப்பக்கம் திரும்பினால் விமானம் வலப்பக்கம் வளைந்து இறங்க வேண்டும். இதை விமானி தரையிலேயே தன் காதால் கேட்டிருக்க வேண்டும், மேலே கதவருகே கத்திச் சொல்வது கணக்கில் சேராது. வெளியேறும்போது சிறகை உடனே விரித்தால் காற்று ஆளை மேலே தூக்கி வால்பகுதியில் மோதவிடும் என்பதால், வால் கடக்கும்வரை ஓரிரு விநாடி சிறகை மூடி வைத்திருப்பதும், விமானி வேகத்தைக் குறைத்து விமானத்தைச் சமமாக வைத்திருப்பதும் இதே பேச்சில் வர வேண்டியவை.

டேண்டம் பயணியாகப் போகிறீர்கள் என்றால் கட்டணம் கட்டும் மேசையிலேயே கேளுங்கள்: இந்த லோடில் விங்சூட் இருக்கிறதா, எத்தனை பேர், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எந்த உயரத்தில் இழுக்கிறார்கள். பதில் தெரியாவிட்டால் உங்கள் பயிற்றுநரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அடுத்த லோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், நல்ல மையம் அதற்கு முகம் சுளிக்காது. விமானத்துக்குப் போகும் வழியில் அந்தப் பகுதியின் வான்படத்தை மாட்டி, அன்றைய ஜம்ப் ரன்னையும் விங்சூட் பாதையையும் அதன்மேல் வரைந்திருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஏறும்போது விங்சூட்காரர்கள் முதலில் ஏறி விமானியின் பக்கம் உட்காருகிறார்களா என்று பாருங்கள், கடைசியில் குதிப்பவர் முதலில் ஏறியாக வேண்டும். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தால் வரிசை மாறப்போகிறது என்று அர்த்தம். அந்த லோடில் எல்லாருக்கும் முன்னாலேயே தெரிந்த ஒரே அடையாளம் அதுதான்.

விங்சூட்காரர்களுக்கு இன்னொரு கேள்வி: உங்களிடம் குதிப்புப் பதிவேட்டைக் கேட்டார்களா? விங்சூட்டில் முதன்முறை பறக்க 200 குதிப்புகள் வேண்டும் என்ற அமெரிக்க விதியைப் பார்க்காமல், பணம் வந்தால் போதும் என்று ஏற்றுகிறவர்கள் டேண்டத்தோடு உங்களையும் கலந்து அனுப்பவே செய்வார்கள்.

பணம் திரும்பக் கேட்பதற்கு வாய்ப்பேச்சு உதவாது. ஜிபிஎஸ் பதிவை அன்றே நகலெடுத்து வையுங்கள், தலைக்கவசக் கேமராவின் முழுக் கோப்பையும் வெட்டாமல் வையுங்கள். டேண்டம் பயணிக்குக் கொடுக்கப்படும் காணொளி பெரும்பாலும் இசை சேர்த்து வெட்டப்பட்டது, அதில் நேரம் தெரியாது, எனவே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கதவு திறந்தது முதல் பாராசூட் விரிந்தது வரையான நேரம் அதில் இருந்தால், விங்சூட் பதிவோடு பக்கத்தில் வைத்து யார் எந்த விநாடியில் எந்த உயரத்தில் இருந்தார் என்று வரைந்துவிடலாம். இரண்டாவது சுற்று ஓடவே இல்லை என்பது அந்தப் படத்தில் ஒரே பார்வையில் தெரியும். அதைக் காட்டிய பிறகுதான் அந்த மையம் தனிச் சுற்றுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டேண்டம் பயணிகளுக்கு என்ன நடந்தது என்று எழுத்தில் தெரிவிக்க இன்றுவரை மறுத்து வருகிறது.