முழு நாள் ராஃப்டிங் போன அனுபவம்: கைடு அருமை, முன்கூட்டித் தரும் தகவல் போதாது

கைடுக்காகவே இதே நிறுவனத்தோடு இன்னொரு முறை போவேன். ஆனால் பணம் கட்டியதும் இவர்கள் அனுப்பிய குறிப்பு ஒரே வரிதான்: வசதியான உடையில் வாருங்கள், மாற்றுத்துணி கொண்டுவாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை காற்றடைத்த படகில் ஆற்றில் துடுப்புப் போட்டுப் போகப்போகிறவர்களுக்கு இது எப்படிப் போதும்?

அந்த வரியை நம்பி ஜீன்ஸும் பருத்தி டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு போனேன். முதல் ரேபிடிலேயே, அதாவது பாறைகளுக்கு நடுவே ஆறு கொந்தளித்துப் பாய்கிற முதல் இடத்திலேயே, தொப்பலாக நனைந்தது, சாப்பாட்டு நேரம் வரை காயவில்லை, காற்றடித்தபோதெல்லாம் உடம்பு வெடவெடத்தது. வெயில் நாள்தானே என்று தோன்றும், ஆனால் பனி உருகி வருகிற ஆறும், ஆழமான அணையின் அடியிலிருந்து திறந்துவிடுகிற தண்ணீரும் கோடையிலும் ஜில்லென்றுதான் இருக்கும். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். சீக்கிரம் காய்கிற பாலியஸ்டர் உடை, தண்ணீர் குளிர்ந்திருந்தால் வெட்சூட் (உடம்போடு ஒட்டியிருந்து சூட்டைக் காக்கிற ரப்பர் உடை), இதுதான் சரி. வெட்சூட் இவர்களிடமே வாடகைக்கு இருந்திருக்கிறது, கிளம்பிய பிறகு பக்கத்துப் படகில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

கூட வந்த நண்பனின் ரப்பர் செருப்பை ஆறு கொண்டுபோய்விட்டது. குதிகாலில் வார் உள்ள செருப்போ பழைய கான்வாஸ் ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கும் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.

சரி, கைடு விஷயத்துக்கு வருகிறேன். படகை இறக்குவதற்கு முன் அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவர் லைஃப் ஜாக்கெட்டையும் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார், காதுவரை ஏறினால் வாரை மறுபடி இறுக்கினார். துடுப்பின் மேல்முனைப் பிடியிலிருந்து கையை எடுக்கவே கூடாது, எடுத்தால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லைப் பெயர்க்கும் என்றார். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்கள் ஓட்டத்தின் திசையைப் பார்க்க, பாதம் வெளியே தெரியும்படி மிதக்க வேண்டும். இடுப்பளவு தண்ணிதானே என்று எழுந்து நிற்கத் தோன்றும், ஆனால் பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் நம்மை அப்படியே முன்னால் தள்ளி அமுக்கிவிடும். இதை மட்டும் மூன்று முறை சொன்னார்.

நடுத்தரக் கடினமான மூன்றாம் நிலை ரேபிட் ஒன்றில் நான் விழுந்தேன். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு திணறியது, காலை ஊன்றத்தான் மனசு அடித்துக்கொண்டது, அவர் சொன்னது ஞாபகம் வந்து காலைத் தூக்கிவிட்டேன். மீட்புக் கயிறு அடைத்த பையை என் பக்கம் வீசினார். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். லைஃப் ஜாக்கெட்டின் தோள்வாரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போட்டார்கள். அந்த மனுஷனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இன்னொரு குறை. எந்த நிலை ரேபிட் என்று போனில் கேட்டதற்கு, எல்லாரும் போகலாம் என்றார்கள். ரேபிட்களை 1 (எளிது) முதல் 6 (மிகக் கடினம்) வரை பிரிக்கிறார்கள், நீர்மட்டம் ஏறினால் அதே ஆறு கடினமாகிவிடும். நீச்சல் தெரியாதவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். அதனால் முன்பதிவு செய்யும்போதே அன்றைய நீர்மட்டத்தில் என்ன நிலை, தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி, வெட்சூட் உண்டா என்று நீங்களே விடாமல் கேளுங்கள். அப்புறம் ஆஸ்துமா மருந்து மாதிரி ஏதாவது வைத்திருந்தால் கிளம்பும் முன் கைடிடம் சொல்லி, தண்ணீர் புகாத பையில் போட்டுப் படகிலேயே கட்டச் சொல்லுங்கள்.