ஊட்டியில் பணியிடக் கோரிக்கைக் கோப்பு: டைப்பிங் நிலையம் ஒன்றின் சேவை

கலைக் கல்லூரிக்குப் புதிய உதவிப் பேராசிரியர் பணியிடம் கேட்கும் கோப்பை சேரிங்கிராஸ் பக்கத்து டைப்பிங் நிலையம் ஒன்று தயாரித்துத் தருகிறது. பணிச்சுமைக் கணக்குதான் அதன் பலம். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் கற்பித்தல். துறைக்கு 70 மணி, இருப்பவர்கள் இருவர் என்றால் 32 போக மிச்சம் 38. இரண்டு இடம் கேட்கலாம். மீதி 6 மணிக்குக் கௌரவ விரிவுரையாளர். அட்டவணையைப் பார்த்தாலே இது விளங்கும்.

ஆனால் வரலாறும் வணிகவியலும் சேர்ந்து உட்காரும் தமிழ் வகுப்பை இரண்டு முறை எண்ணிவிடுகிறார்கள். கால அட்டவணையோடு ஒப்பிட்டால் கோப்பு திரும்பிவிடும், ஆசிரியரில்லாமல் தவிப்பது மாணவர்கள். கையெழுத்துக்கு முன் அந்த மணிக் கணக்கை நீங்களே கூட்டிப் பாருங்கள். எந்த இடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று காட்டும் இனச்சுழற்சிப் பட்டியலையும் கேட்டால்தான் இணைக்கிறார்கள்.