குரல்நாண் அறுவைக்குக் கையெழுத்திடும் முன்

பத்தொன்பது ஆண்டுகளாகப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திவரும் எனக்குச் சென்ற ஆடி மாதம் கட்டிய தொண்டை, இரண்டு மாதமாகியும் தெளியவில்லை. மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்த மருத்துவர், இரு குரல்நாண்களிலும் எதிரெதிரே காய்ப்புப் போன்ற சிறு முடிச்சுகள் இருப்பதாகச் சொன்னார். அடுத்து அவர் கேட்டது, காப்பீடு இருக்கிறதா என்பதுதான். மூன்றாம் நாள் அறுவை முடிந்துவிட்டது.

ஓயாமல் உரக்கப் பேசுகிறவர்களுக்கு வரும் இத்தகைய முடிச்சுகளுக்கு முதலில் தர வேண்டியது பேச்சுப் பயிற்சியாளரின் குரற்பயிற்சி என்பதையும், அதில் பலன் கிட்டாதபோதுதான் அறுவையை யோசிப்பார்கள் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். (புற்றுநோய் ஐயத்துக்கு இடமான வெண்திட்டு போன்றவை வேறு, அவற்றில் தாமதம் கூடாது.) பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்வதால், அந்த அசைவைக் காண விட்டுவிட்டு மின்னும் ஒளியில் செய்யும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி வேண்டும். எனக்கு அதைச் செய்யவே இல்லை.

வாய் வழியாக உலோகக் குழாயைச் செலுத்தித்தான் இந்த அறுவையைச் செய்கிறார்கள். ஆடும் பல், கட்டிய பல் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மேல்வரிசையில் கட்டிய பல் ஒன்று உடைந்தது. நாக்கு இரண்டு வாரம் மரத்துக் கிடந்ததற்கும் முன்னறிவிப்பு இல்லை. மேலேறும் வயிற்று அமிலம் குரல்நாண்களை உறுத்தக்கூடியது; ஆனால் நாள்தோறும் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொள்பவள் நான் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் என்னால் பொறுக்க முடியாதது அதற்குப் பின் நடந்ததுதான். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் "ஓய்வு" என்ற ஒற்றைச் சொல்லே இருந்தது. பேசலாமா என்று தொலைபேசியில் என் கணவர் கேட்டதற்கு, "மெதுவாப் பேசிக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அதை நம்பி அத்தையிடமும் பிள்ளைகளிடமும் ஒரு வாரம் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தேன், ஒன்பதாம் நாள் வகுப்புக்கும் போனேன். முதல் சில நாள்கள் முழு மௌனம் காத்து, எழுதிக் காட்டிப் பழகி, அதன்பின் நாளுக்குச் சில நிமிடங்களாகப் பேச்சைக் கூட்டியிருக்க வேண்டும்; கிசுகிசுப்பும் புண்பட்ட நாண்களை வருத்தக்கூடியது என்பதால் அதையும் தவிர்க்கச் சொல்வார்கள்.

வேறு மருத்துவமனையில் ஸ்ட்ரோபோஸ்கோப்பி செய்தபோது, இடது நாணில் தழும்பு ஏறி விறைத்திருப்பது தெரிந்தது. இப்போது வாரம் இருமுறை பயிற்சிக்குப் போகிறேன், மைக் மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறேன், ஆனாலும் நான்காம் பாடவேளைக்குள் குரல் உடைந்துவிடுகிறது.

திசுப் பரிசோதனைக்குக் கட்டணம் வாங்கியிருந்தவர்கள், அறிக்கையைக் கேட்டபோது திசுவை அனுப்பவே இல்லை என்றார்கள். விண்ணப்பித்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பாதிக்கப்பட்டிருந்தால் ஆவணங்களை இன்றே எழுத்தில் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். நானும் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.