ஆர்எக்ஸ் 100-ஐ ஷெட்டில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தென்காசி, செங்கோட்டை, புனலூர் பக்கம் பழைய வண்டி வாங்கி ஓட வைக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியை விற்றவர் என்னை ஏமாற்றவில்லை. "ஓட வச்சுத் தாரேன்" என்று வாங்கி வைத்துக்கொண்ட மெக்கானிக் ஷெட்காரர்தான் ஏமாற்றினார். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது என்பதால் ஊரையும் பேரையும் போடவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை நட்டு போல்ட் விடாமல் சொல்லிவிடுகிறேன். இதே கைவரிசையை வேறு ஷெட்களிலும் காட்டுகிறார்கள் என்று இப்போது கேள்விப்படுகிறேன்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல். எனக்கு இதுதான் முதல் வண்டி. தென்மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வீட்டுக்காரர்தான் முதல் ஓனர், வயதானவர். முட்டி வலி வந்ததிலிருந்து எடுப்பதில்லை என்றார். நல்ல தமிழ் பேசினார், ஆரியங்காவு சுற்றுவட்டத்தில் அது சாதாரணம். இஞ்சினை இதுவரை ஒருவரும் பிரித்ததில்லை என்று சொன்னவர், கிக்கரைக் கையாலேயே அமுக்கிக் காட்டினார். தடையில்லாமல் இறங்கியது, உள்ளே காற்று அழுத்தமும் இருந்தது. அதை போனில் வீடியோ எடுத்தேன். சுற்றிச் சுற்றி போட்டோவும் எடுத்தேன். சிலிண்டரின் இடது பக்கம் மேலிருந்து மூன்றாவது ஃபின்னில் (சூடு தணிக்கும் தகடு) ஒரு மூலை உடைந்திருந்தது. "மரம் ஏத்துற லாரியில இடிச்சது" என்று சிரித்தார். 38,000 ரூபாய் கொடுத்து, குட்டியானையில் ஏற்றி, கோட்டைவாசல் வழியாக இறக்கிக் கொண்டுவந்தேன்.

இந்த வண்டி 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோனது. 98 சிசி டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். நன்றாக வைத்திருக்கும் வண்டிக்கு இன்று லட்சத்தைத் தாண்டி விலை சொல்கிறார்கள். கம்பெனி நிறுத்திவிட்டதால் பழைய ஒரிஜினல் பாகங்களுக்குத்தான் மவுசு. மிக்குனி கார்புரேட்டர், போர் அடிக்காத (லேத்தில் துளையைப் பெரிதாக்காத) ஸ்டாண்டர்ட் சிலிண்டர், கிராங்க், ஸ்பீடோமீட்டர், குடையாத சைலன்சர் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. ரொம்ப நாள் கிடந்த வண்டியில் இவை கை படாமல் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி ஷெட்டுக்குள் வருவது என்பது, பூட்டாத உண்டியலைக் கொண்டுபோய் வைப்பது மாதிரி.

ஷெட்காரர் பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "தம்பி, கவலைய விடுங்க, நம்ம புள்ள மாதிரி பாத்துக்கிடுதேன்" என்றார். ரெஸ்டரேஷன் என்ற சொல்லை வாய்க்கு வாய் சொன்னார். அட்வான்ஸ் வாங்கினார். அப்புறம் வழக்கமான கதைதான்: லேத்தில் இருக்கிறது, பெயிண்டர் ஊருக்குப் போயிருக்கிறார், குற்றால சீசன், சாரல் விழுகிறது, பெயிண்ட் காயவில்லை. நடுவில் ஒரு நாள் போன் செய்தார்.

"தம்பி, இஞ்சின் ஜாம். பிஸ்டன் புடிச்சுப் போச்சு. போர் அடிக்காம ஒண்ணும் பண்ண முடியாது."

"கிக்கர் லேசா இறங்குச்சே அண்ணாச்சி? வீடியோ கூட இருக்கு."

"அது வெளியில அப்படித்தான் தெரியும். உள்ள பாத்தாத்தான தெரியும்?"

கேட்பதற்கு நியாயம் மாதிரி இருக்கும். ஆனால் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் கிக்கர் இறங்கவே இறங்காது, கல் மாதிரி நிற்கும். அழுத்தத்தோடு இறங்குகிற கிக்கரும் ஜாம் ஆன பிஸ்டனும் ஒரே இஞ்சினில் இருக்க வழியில்லை. இதை யார் சொன்னாலும் அங்கேயே வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்த பில் 27,500 ரூபாய். பில் என்றால் பில் இல்லை, துண்டுச் சீட்டு. 'போர் 0.25, பிஸ்டன் செட், கார்ப் சர்வீஸ், பெயிண்ட், லேபர்' என்று பேனாவால் எழுதியிருந்தது. வண்டி பளபளவென்று இருந்தது. டேங்க் கறுப்பு, கோடு நேர்த்தி, ஸ்டார்ட் செய்தால் அந்தச் சத்தம். பார்த்தவர்கள் எல்லாம் எங்கே செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

புளியரை மலையேற்றத்தில்தான் குட்டு உடைந்தது. கேரளத்துப் பெரியவரிடம் வண்டியைக் காட்டலாம் என்று கிளம்பி, செங்கோட்டையில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு எஸ் வளைவில் ஏறினேன். மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டிருந்த வண்டி முதலில் மந்தமானது. கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த நொடி பின் சக்கரம் லாக். வால் ஒரு பக்கம் இழுத்தது. கிளட்சைப் பிடித்ததால் நேராக நின்றது. பின்னால் சிமெண்ட் லாரி எதுவும் ஒட்டி வராதது என் நல்ல நேரம்.

அங்கிருந்து வண்டியை இறக்கி, எங்கள் ஊரில் பழைய யமஹா மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் இஞ்சினைத் தொடவே இல்லை. முதலில் சைடு கவரைக் கழற்றி ஆயில் டேங்கைப் பார்த்தார். நான் ஊற்றிய டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்றிய அளவிலேயே இருந்தது, ஒரு சொட்டு குறையவில்லை. ஆர்எக்ஸ் 100-ல் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை. தனி டேங்கிலிருந்து ஒரு சின்ன பம்ப், ஆக்சிலேட்டர் திருகும் அளவுக்கு ஏற்ப இஞ்சினுக்கு ஆயில் அனுப்பும். என் வண்டியில் அந்த பம்ப் இருந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து அடைத்திருந்தார்கள். பம்ப் கேபிளை மடித்து ஒயருக்குள் சொருகியிருந்தார்கள். டெலிவரி கொடுத்த நாளில் டேங்கில் இருந்த பெட்ரோலில் மட்டும் ஆயில் கலந்து விட்டிருக்கிறார்கள். அது தீர்ந்ததும் நான் பங்கில் நிரப்பியது வெறும் பெட்ரோல். டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு அதில் வரும் ஆயில்தான் உயிர். பம்ப்பைக் கழற்றிவிட்டு லிட்டருக்கு 25 மில்லி கலந்து ஓட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் கழற்றியதை வண்டிக்காரனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பம்ப் எங்கே என்று கேட்பானே.

அப்புறம் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியை பெட்ரோல் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தார். கறுப்பு போய் அலுமினியம் தெரிந்தது, நடுவில் குத்தியிருந்த எண்ணும் தெரிந்தது: 100. என்னைப் பார்த்து, "பில்லுல என்ன போட்ருக்கு?" என்றார். 0.25 என்றேன். துணியைக் கீழே வைத்துவிட்டார்.

புரியாதவர்களுக்காக: இந்த இஞ்சினின் போர், அதாவது சிலிண்டர் துளையின் அகலம், 50 மில்லிமீட்டர். தேய்ந்தால் லேத்தில் கால் மில்லி பெரிதாக்கி, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். 25, 50, 75, 100 என்று போய் ஒரு மில்லியோடு சரி. அதற்கு மேல் ஸ்லீவ் இறக்க வேண்டும், இல்லையென்றால் வேறு சிலிண்டர் தேட வேண்டும். ஒருமுறைகூடப் பிரிக்காத இஞ்சினில் கடைசி சைஸ் பிஸ்டன் எப்படி வந்தது? சிலிண்டரே மாறியிருந்தால்தான் வரும். போட்டோவை எடுத்து ஒப்பிட்டோம். மூன்றாவது ஃபின்னில் உடைசல் இல்லை. பெரியவர் லாரியில் இடித்த சிலிண்டர் போய், எவனோ ஓட்டித் தேய்த்த சிலிண்டர் வந்திருக்கிறது. கார்புரேட்டரும் என்னுடையது இல்லை. என் போட்டோவில் மிக்குனி முத்திரை தெளிவாக இருக்கிறது, இதில் வழவழவென்று வெறும் வார்ப்பு. ஸ்பீடோமீட்டரும் டூப்ளிகேட். சைலன்சரின் உள்குழாயை உருவியிருந்தார்கள். சத்தம் கூடும், பையன்களுக்குப் பிடிக்கும். ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் சத்தக் குழாய் இல்லை. வெளியே போகும் புகையின் அலை திரும்பி வந்துதான் புதுப் பெட்ரோலை வீணாகாமல் உள்ளே தள்ளுகிறது. குடைந்தால் இழுவை போய்விடும். குடைந்து தருவதற்கும் காசு வாங்குகிறார்கள் என்பதுதான் கொடுமை.

அந்த மெக்கானிக் சொன்ன இன்னொன்று. பெரியவர் வீட்டிலிருந்து வந்த நிலையில் அந்த வண்டிக்குப் பெரிய வேலையே இருந்திருக்காது. கிடந்த பெட்ரோல் கெட்டிப்பட்டு கார்புரேட்டரின் சின்ன துவாரமான ஜெட் அடைத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் ஷெட்டுக்கு அனுப்பும் முன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள், ஒரு பிளக் ஸ்பேனர் போதும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் டூ-டி ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். இறங்கினால் ஜாம் இல்லை. ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கிக்கரை அமுக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளினால் அழுத்தம் இருக்கிறது. பிளக்கைக் கேப்பில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை சிலிண்டர் ஹெட்டில் ஒட்டி வைத்து கிக்கர் அடித்தால் நீலப் பொறி வரவேண்டும். அப்போது பிளக் ஓட்டைப் பக்கம் பெட்ரோல் ஈரம் இருக்கக் கூடாது. பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள், வார்னிஷ் நாற்றம் அடித்தால் அது கெட்டுப்போனது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் கெடுக்கும். நம் பக்கத்துச் சாரலில் நிற்கும் வண்டிக்கு இது இரட்டை அடி. ஹோஸை மாற்றிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றி அடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடி அணைந்தால் கார்புரேட்டர் கழுவினால் போதும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து கியர் ஆயிலும் குறைந்தால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும். அதுவும் போர் அடிக்கும் வேலை இல்லை.

ஷெட்டில் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், விடும் முன் சிலிண்டர், கார்புரேட்டர், மீட்டர், இஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாவற்றையும் ஷெட்காரர் கண் முன்னாலேயே போட்டோ எடுங்கள். சிலிண்டர் அடியில் மார்க்கரில் ஒரு கையெழுத்துப் போடுங்கள். மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் பழைய பாகமும் திரும்பி வரவேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். முகம் சுளிக்கிறாரா, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேரள வண்டி என்பதால் பேப்பர் பற்றி ஒரு வார்த்தை. இதே ஆள், "தமிழ்நாடு நம்பர் நானே வாங்கித் தாரேன், ஒரிஜினல் ஆர்.சி.யும் கையெழுத்துப் போட்ட வெத்து 29, 30 ஃபாரமும் குடுங்க" என்றார். பேர் மாற்றுவதற்கான ஃபாரங்கள் அவை. நல்லவேளை, பெரியவர் கையெழுத்து என்னிடம் வரவில்லை. கேரளத்தில் பதிந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபாரம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்காமல் இங்கே ஒன்றும் நடக்காது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெற்று ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிப் போகிறவர் வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். பேர் மாறும் வரை விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விற்ற அந்த மனுஷனை நினைத்துப் பாருங்கள்.

ஷெட்டுக்குத் திரும்பப் போய்க் கேட்டதற்கு, "நீங்க பெட்ரோல்ல ஆயில் கலக்காம ஓட்டுனா நான் என்ன பண்ண?" என்றார். சிலிண்டர் போட்டோவைக் காட்டியதும் குரல் இறங்கியது. பையன்கள் மாற்றி மாட்டியிருப்பார்கள் என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து, வக்கீல் நோட்டீஸும் போன பிறகு ஒரு ஆளிடம் கார்புரேட்டரைக் கொடுத்து அனுப்பினார், என்னுடையதுதான். மற்றதற்கு இன்னும் பதில் இல்லை. ஐந்து லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, வீடியோ, அந்த 100 பிஸ்டன் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்களிடம் சீட்டுகூட இல்லையென்றால் பணத்தை ஜிபேயில் போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

தென்காசி, சங்கரன்கோவில், ராஜபாளையம், புனலூர் பக்கம் யாராவது 'ஸ்டாண்டர்ட் போர், ஒரிஜினல்' என்று ஒரு ஆர்எக்ஸ் சிலிண்டரை விற்க வந்தால், இடது பக்கம் மூன்றாவது ஃபின்னைப் பாருங்கள். மூலை உடைந்திருந்தால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.