‘ஃபேக்டரி மேனுவல்’ என்றார்கள், நம்பினேன்: பழைய எஸ் கிளாஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் வாங்கும் எண்ணம் இருந்து, அதுவும் மேனுவல் கியர்தான் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 17,500 யூரோ கொடுத்துவிட்டு அதற்கப்புறம்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

நான் இருப்பது ஸ்டுட்கார்ட் பக்கம், ப்யோப்ளிங்கனில். வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தாலே ஸின்டல்ஃபிங்கன் தொழிற்சாலைக்குப் போய்விடலாம். டபிள்யூ 116 என்று இங்குள்ளவர்கள் சொல்லும், 1972 முதல் 1980 வரை வந்த எஸ் கிளாஸைச் செய்தது அங்கேதான். அந்த வண்டிமேல் வெகுநாள் ஆசை. மேனுவல் ஏன் என்றால் பெரிய காரணம் எதுவும் இல்லை. மாமாவின் அம்பாசிடரில், ஸ்டீயரிங் பக்கத்துக் கியரில் பழகியவன் நான். கிளட்ச் இல்லாத வண்டியில் இடது காலை என்ன செய்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இவ்வளவு பெரிய சொகுசு வண்டியில் மேனுவலா என்று ஊரில் கேட்கிறார்கள். அன்றைய ஜெர்மனியில் அதில் விசேஷம் எதுவும் இல்லை. எஸ் கிளாஸ் ஆனாலும் ஆறு சிலிண்டர் வண்டிக்கு மேனுவல்தான் சாதாரணமாக வரும். ஆட்டோமேடிக் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும். டபிள்யூ 116-ல் 280 எஸ், 280 எஸ்.இ, 350 எஸ்.இ எல்லாம் மேனுவலில் கிடைத்தன. 450-க்கும் 6.9-க்கும் மேனுவல் கிடையவே கிடையாது. அடுத்து வந்த டபிள்யூ 126-லும் அதே கதை: 280, 260, 300 என்ற ஆறு சிலிண்டர்களுக்கு மேனுவல் உண்டு, 380, 420, 500, 560 என்ற வி8, அதாவது எட்டு சிலிண்டர் வண்டிகள் எல்லாம் ஆட்டோமேடிக். 90-களின் அந்த மாமத யானை டபிள்யூ 140-ல்கூட ஆறு சிலிண்டருக்கு மேனுவல் கொடுத்தார்கள். 1998-ல் டபிள்யூ 220 வந்ததும் அந்தப் பேச்சு முடிந்தது. பி.எம்.டபிள்யூ கொஞ்சம் தாராளம். ஐரோப்பாவில் ஈ38 வரிசை 740ஐ-யை ஆறு கியர் மேனுவலில் வாங்க முடிந்தது, 750-ஐ முடியாது. ஆகவே யாராவது ‘500 எஸ்.இ, ஒரிஜினல் மேனுவல்’ என்று சொன்னால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். அப்படி ஒரு வண்டியை மெர்சிடிஸ் விற்றதே இல்லை.

சிக்கல் வருவது இரண்டு விதமாகவும் வந்த மாடல்களில்தான். இன்று மேனுவலுக்கு மவுசு. அதனால் ஆட்டோமேடிக்கைப் பிரித்துப்போட்டு மேனுவலாக்கி விற்க ஆள் இருக்கிறது. என்னிடம் தள்ளியது 1977 மாடல் 280 எஸ்.இ.

விளம்பரத்தில் ‘ஷால்ட்கெட்ரீபே அப் வெர்க்’ என்று போட்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்தே மேனுவல் கியர்பாக்ஸ் என்று அர்த்தம். கடை ரைன் ஆற்றுப் பக்கம், வீட்டிலிருந்து 400 கிலோமீட்டர். ரயிலில் போனேன். வியாபாரி நல்ல மரியாதையான ஆள். காபி கொடுத்தார், எங்கள் ஊர் வெயிலைப் பற்றி விசாரித்தார். அடர்நீல வண்டி, கண்ணாடி மாதிரி பெயின்ட். உட்கார்ந்து பார்த்தால் காலடியில் நாலு பெடல்: பார்க்கிங் பிரேக், கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர். படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். “நாலு பெடலா? நமக்கு இருக்கிறது ரெண்டு கால்தானே” என்று பதில் வந்தது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டேன் என்பது உண்மை. கியர்பாக்ஸ் மாற்றியதா என்றேன். ‘எச்’ நம்பர் பலகை இருக்கிறதே, ஒரிஜினல் இல்லாவிட்டால் கொடுப்பார்களா என்று திருப்பிக் கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உண்மையில் அந்தப் பலகை சொல்வது வேறு: வண்டிக்கு முப்பது வயதாவது ஆகியிருக்கிறது, நல்ல நிலையில் இருக்கிறது, அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறது, அவ்வளவே. அந்த மாடலில் மேனுவல் வந்ததுதான் என்பதால், மாற்றிய வண்டியும் அதில் சுலபமாகத் தேறிவிடும்.

திரும்பி வரும் வழியிலேயே சந்தேகம் தட்டியது. ஆட்டோபானில் 3,000 ஆர்.பி.எம் தொட்டதும் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். சிக்னலில் கிளட்சை மிதித்தால் எங்கேயோ அம்மி அரைப்பது போல் ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு வாரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நம் ஆள் ஒருவரிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்காரர், 80-களில் அகதியாக இங்கே வந்து, மெக்கானிக் வேலை கற்று, முப்பது வருடமாக மெர்சிடிஸ் மட்டுமே பார்ப்பவர். அண்ணன் பானட்டைத் திறக்கக்கூட இல்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினைப் போடாமல், ஆக்சிலரேட்டரைத் தரை வரைக்கும் மெதுவாக அமுக்கினார். கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். என் காலை வைத்து அமுக்கச் சொன்னார். பாதத்துக்கு அடியில் ஒரு பொத்தான் அமுங்குவது தெரிந்தது.

“தம்பி, இது கிக்டவுன் சுவிட்ச். முழுசா மிதிச்சால் கியரைக் கீழ இறக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியிலதான் இருக்கும். இந்த வண்டி ஆட்டோமேட்டிக்காப் பிறந்தது. ஆரோ பிறகு மாத்தியிருக்கினம்.”

லிஃப்டில் ஏற்றியதும் மிச்சமும் வெளியே வந்தது. ஆட்டோமேடிக்கின் ஆயில் ரேடியேட்டருக்குள் போய்த்தான் குளிர்ந்து வரும். அதற்காக ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியில் இரண்டு குழாய் வாய் இருக்கும். என் வண்டியில் அந்த இரண்டையும் போல்ட் போட்டு அடைத்திருந்தார்கள், போல்ட் புத்தம்புதுசு. எஞ்சினிலிருந்து ஆட்டோமேடிக்குக்குப் போகும் வாக்குவம் குழாயின் வாயில் ஒரு மர ஸ்க்ரூ. ஆமாம், மரத்தில் அடிக்கிற ஸ்க்ரூ. கியர் ‘பி’யிலோ ‘என்’னிலோ இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சின் ஒயர்கள் இரண்டையும் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கியர்பாக்ஸை இறக்கியபோதுதான் அந்த அம்மிச் சத்தத்துக்குக் காரணம் கிடைத்தது. கியர்பாக்ஸின் முன் தண்டு கிராங்க்ஷாஃப்ட் முனையில் ஒரு சின்ன பேரிங்கில் உட்கார்ந்து சுற்ற வேண்டும். ஆட்டோமேடிக்குக்கு அது தேவையில்லை. மேனுவலாக மாற்றும்போது கட்டாயம் போட வேண்டும். போடவில்லை. தண்டு முனை ஆதரவே இல்லாமல் ஆடி ஆடித் தேய்ந்திருந்தது. ஃப்ளைவீல் ஏதோ வேறு வண்டியிலிருந்து கழற்றியது, இந்த கிராங்குக்கு பேலன்ஸ் பார்க்காமலே மாட்டியது. நடுக்கம் அதனால்தான். பிரேக் பெடலும் ஆட்டோமேடிக்கின் அகலப் பெடல். கிளட்சுக்கு இடம் விட அதை அறுத்து, மேலே ரப்பரை மாட்டி மறைத்திருந்தார்கள். பிரேக் பெடலை அறுக்கிற கை எப்படிப்பட்ட கையோ.

“காசு எவ்வளவு குடுத்தனீங்கள்?” என்றார் அண்ணன். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எஞ்சின் அறையில் அடித்திருந்த சேசிஸ் எண்ணைக் காட்டினார். இதுதான் என்னை இன்றும் உறுத்துவது. அந்தக் கால மெர்சிடிஸ் எண் 116024-12 என்பது போலப் போகும். முதல் ஆறு இலக்கம் மாடல். அடுத்த இரண்டு இலக்கத்தில் முதலாவது ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பது: 1 இடது, 2 வலது. இரண்டாவது கியர்பாக்ஸ்: 0 என்றால் மேனுவல், 2 என்றால் ஆட்டோமேடிக். ஆக 10 என்றிருந்தால் இடப்பக்க மேனுவல், 12 என்றால் இடப்பக்க ஆட்டோமேடிக். என் வண்டியில் 12. எஞ்சின் எண்ணிலும் அதே இடத்தில் 12. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே அந்த எண் அச்சாகியிருந்தது. ரயிலில் போகும்போது ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.

80-களின் தொடக்கத்தில் டபிள்யூ.டி.பி. என்று ஆரம்பிக்கும் 17 இலக்க எண் வந்துவிட்டது. அதற்குப் பிந்தைய ஐரோப்பிய வண்டிகளில் இந்த வித்தை பலிக்காது. அங்கே டாட்டன்கார்ட்டெ என்னும் தயாரிப்புப் பதிவு அட்டைதான் கதி. சேசிஸ் எண்ணை வைத்து மெர்சிடிஸிடம் கேட்டு வாங்கலாம். வண்டி எந்தெந்தச் சாமான்களோடு வெளியே வந்தது என்று அதில் குறியீடுகளாக இருக்கும். 420 என்று கண்டால் அது தரையில் லீவர் வைத்த ஆட்டோமேடிக். விற்பவர் அட்டை தொலைந்துவிட்டது என்றால், புதிதாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஒரு வாரம் கழித்துப் போங்கள். அவசரம் அவருக்குத்தான் இருக்கும்.

பணம் திரும்ப வந்ததா என்று கேட்பீர்கள். வக்கீலிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருந்த ‘இம் குண்டன்ஆஃப்ட்ராக்’ என்ற சொல்லை. ‘வாடிக்கையாளர் சார்பில்’ விற்கிறோம் என்பது அதன் பொருள். வியாபாரி தன் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றால், பழைய வண்டியானாலும் சட்டப் பொறுப்பைக் குறைக்கலாமே தவிர முழுதாகக் கழற்றிவிட முடியாது. தனியாள் விற்றால் பொறுப்பே இல்லை என்று எழுதி வாங்கிவிடலாம். அதனால் நான் யாரிடம் வாங்கினேன் என்று பார்த்தால், நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவரிடம்! காபி கொடுத்தவர் வெறும் இடைத்தரகர்.

தெரிந்தே மறைத்தார்கள் என்று நிரூபித்தால் அந்த விலக்கு செல்லாது என்றார் வக்கீல். ‘அப் வெர்க்’ என்று எழுதியிருந்த விளம்பரம் எங்கே என்றார். நான் சேமித்து வைக்கவில்லை. விற்ற மறுநாளே அதை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் வெறும் ‘மேனுவல்’ என்றுதான் இருந்தது. மேனுவல்தானே, பொய்யில்லையே. இரண்டு கடிதம் போய் வந்தபின் 3,000 யூரோவுக்கு ராசியானோம். கியர்பாக்ஸ், கிளட்ச், பிரேக் பெடல் எல்லாம் சரிசெய்ய அதைவிட அதிகம் ஆனது. அண்ணன் கூலியில் பாதிகூட வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

மேனுவலாக மாற்றிய வண்டியே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மாற்றியது என்று சொல்லி, வேலையை ஒழுங்காகச் செய்து, அதற்கேற்ற விலையில் விற்றால் நானே வாங்கியிருப்பேன். இப்போது அண்ணன் கைபட்ட பிறகு என் 280 அருமையாகத்தான் ஓடுகிறது.

போன வாரம் அதே கடை இன்னொரு 280 எஸ்.இ-யை விளம்பரம் செய்திருக்கிறது. வெள்ளை வண்டி, ‘ஷால்ட்கெட்ரீபே அப் வெர்க்’. துரு இல்லை என்று காட்டுவதற்காக அடியிலிருந்து ஒரு படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். ரேடியேட்டரின் அடியில் இரண்டு புது போல்ட்.