இருபக்க வார்த்தை அட்டைகள்: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். பாலர் பள்ளி முடித்து ஆண்டு 1-க்கு வந்ததும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதப் பழக வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லை. அதனால் வாக்கியத்தின் முதல் எழுத்து மட்டும் ஏன் பெரிதாக வருகிறது என்பது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. பயிற்சிப் புத்தகத்தில் சிவப்பு வட்டம் போடுவதைவிட இந்த அட்டைகள்தான் நன்றாகக் கைகொடுக்கின்றன.

அட்டையின் ஒரு பக்கத்தில் சொல் சின்ன எழுத்தில் தொடங்கும். திருப்பினால் பெரிய எழுத்து. முற்றுப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் தனி அட்டைகள். ‘தட் இஸ் எ டாக்’ என்று அடுக்கச் சொல்வேன். அப்புறம் அதையே கேள்வியாக மாற்றச் சொல்வேன். தமிழில் ‘நாய்’ என்பதை ‘நாயா’ என்றால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் ‘இஸ்’ முன்னால் வர வேண்டும். பிள்ளை அந்த அட்டையை முன்னுக்கு இழுத்துப் பெரிய எழுத்துக்குத் திருப்பும். ‘தட்’ அட்டையைச் சின்ன எழுத்துக்குத் திருப்பும். புள்ளியை எடுத்துவிட்டுக் கேள்விக்குறியை வைக்கும். இதைக் கையால் செய்த பிள்ளைக்கு விதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆள் பெயர், ஊர், கிழமை, மாதம் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் பெரிய எழுத்துதான். “டீச்சர், இது மாறவே மாட்டேங்குது” என்று ஒரு சிறுமி சொன்னாள். சரியாகப் பிடித்துக்கொண்டாள்! ஆங்கில ‘ஐ’ அட்டையும் அப்படித்தான். மலாய் ‘சாயா’ வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டுமே பெரிய எழுத்தில் வரும். அதனால் இரு மொழி அட்டைகளையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள்.

கடையில் வாங்கிய செட்டில் பெரிய குறை, நான்கு கோடு இல்லாதது. சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் எழுத்துகள் இரண்டு வடிவிலும் ஒரே மாதிரிதான். அளவு மட்டுமே வேறு. கோடு இல்லாவிட்டால் எது பெரியது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால் மணிலா அட்டையில் கோடு போட்டு நானே எழுதி லேமினேட் செய்கிறேன். ஓரத்தில் இடம் விட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் நம் ஊர் ஈரத்துக்குப் பிரிந்துவிடும். முனைகளையும் வளைத்து வெட்டிவிடுங்கள், குத்தும். முற்றுப்புள்ளி அட்டைதான் முதலில் தொலையும். கூடுதலாகச் செய்து வையுங்கள்.

அட்டையில் சரியாக அடுக்கிவிட்டு நோட்டில் கோட்டை விடும் பிள்ளைகளும் உண்டு. அடுக்கிய வாக்கியத்தை உடனே நான்கு கோடு நோட்டில் எழுத வைக்கிறேன். எழுதி முடித்ததும் முதல் எழுத்தையும் கடைசிக் குறியையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் நோட்டைக் கொடுக்க வேண்டும். காற்புள்ளி, மேற்கோள்குறி பழகும் பெரிய பிள்ளைகளுக்கு இந்த அட்டைகள் போதாது. அவர்களுக்கு வெள்ளைப் பலகைதான் வசதி.